பின்மூடியில் பதினைந்து தேதிகள்

பாத்திரம் இல்லை அண்ணாச்சி. பாத்திரத்தில் பேர் வெட்டுகிறவர் என்று போர்டைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வந்தேன். ஆனால் நான் கொண்டுவந்திருப்பது பாத்திரம் இல்லை. இதோ, ஒரு கைக்கடிகாரத்தின் பின்மூடி. கையில் வாங்கிப் பாருங்கள். அந்தப் பக்கம் இல்லை, உள்பக்கம். கண்ணாடி மாதிரி இருக்கிறதா? அது என் வேலை. மூன்று நாள் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன்.

இதில் பதினைந்து தேதி வெட்ட வேண்டும். ஒவ்வொரு தேதிக்கும் முன்னால் ‘ஆ’ என்று ஓர் எழுத்து. சீட்டில் எழுதி வைத்திருக்கிறேன். எழுத்து கடுகளவுதான் இருக்க வேண்டும். மிஷின் வெட்டியது மாதிரித் தெரியக்கூடாது. ஊசிமுனையால் ஒருவன் கையால் கீறியது மாதிரி இருக்க வேண்டும். ஐந்தரைக்குள் முடியுமா? இன்றைக்கு வியாழக்கிழமை. என் வீட்டுக்காரி சபையில் பெண்கள் ஜெபக்கூட்டத்துக்குப் போயிருக்கிறாள். ஐந்தரைக்குக் கூட்டம் விட்டுவிடும். அவள் வீட்டுக்கு வருவதற்குள் இது அவளுடைய டப்பாவுக்குள் போய்விட வேண்டும்.

திருட்டுப் பொருள் இல்லை அண்ணாச்சி, அப்படிப் பார்க்காதீர்கள். முப்பத்துநான்கு வருஷம் உப்புக் கம்பெனியில் எடைமேடைக் கிளார்க்காக இருந்தவன் நான். பொன்சிங் என்று பேர். பழைய லாரிக்காரர் யாரையாவது கேட்டுப்பாருங்கள். ‘அந்த ஆளா, பெத்த அப்பன் ஏறி நின்னாலும் முள்ளு நிக்கிறதுக்கு முன்னால எடையைச் சொல்லமாட்டான்’ என்பார்கள். அது என் குணம். எதையும் சரியாகச் செய்ய வேண்டும்.

விவரம் தெரிந்தால்தான் கை வைப்பேன் என்கிறீர்கள். நியாயம்தான். சொல்கிறேன்.

போன வருஷம் எனக்கு மூட்டுவலி வந்தது. நடக்காதீர்கள், உட்கார்ந்து செய்கிற மாதிரி ஏதாவது வைத்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மருமகன் வந்திருந்தபோது போனில் வீடியோ போட்டுக் காட்டினான். வெளிநாட்டுக்காரர் ஒருவர் பழைய வாட்ச்சைப் பிரித்து, கழுவி, எண்ணெய் விட்டு, திரும்பப் பூட்டுகிறார். வாயே திறப்பதில்லை. கை மட்டும்தான் தெரிகிறது. கடைசியில் அந்தச் சின்னச் சக்கரம் துடிக்க ஆரம்பிக்கும்போது எனக்குக் கண் கலங்கிவிட்டது. அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

ஏன் வாட்ச் என்றால், சும்மாதான். சிலர் செடி வளர்க்கிறார்கள், சிலர் குறுக்கெழுத்துப் போடுகிறார்கள். எனக்கு இது. வேறு காரணம் ஒன்றும் கிடையாது.

சின்னத் திருப்புளிகள், இடுக்கி, கண்ணில் வைத்துப் பார்க்கிற லென்ஸ் எல்லாம் வரவழைத்தேன். பழைய சாமான் கடையில் ஓடாத வாட்ச் நாலு பொறுக்கி வந்தேன். முதல் நாளே ஒரு திருகாணி துள்ளி ஓடிவிட்டது. சீரகத்தை நாலாக உடைத்தால் எவ்வளவு இருக்கும், அவ்வளவுதான். காந்தத்தை நூலில் கட்டிக்கொண்டு வீடு முழுக்கத் தவழ்ந்தேன். மூட்டுவலிக்காரன் தவழ்கிறேன்! செல்வக்கனி சமையலறையிலிருந்து வந்தாள். செல்வக்கனி, என் வீட்டுக்காரி. ஒரு காலைத் தூக்கி உள்ளங்காலைத் தடவினாள். “இதுவா பாருங்க” என்றாள். அவள் காலில் ஒட்டியிருந்தது.

மறுநாள் நான் உட்கார்ந்ததும் ஒரு வெள்ளைத் துண்டை எடுத்துவந்தாள். இரண்டு முனையை மேஜை விளிம்பில் துணிக் கிளிப்பால் மாட்டினாள். மற்ற இரண்டு முனையையும் என் கழுத்துக்குப் பின்னால் கொண்டுபோய்க் கட்டினாள். மேஜைக்கும் என் வயிற்றுக்கும் நடுவில் தொட்டில் மாதிரி ஆகிவிட்டது. “இனி எது விழுந்தாலும் இதுலதான் விழும்” என்றாள். ஆச்சரியமாகப் போய்விட்டது. அந்த வெளிநாட்டுக்காரர்கூட இதைச் சொல்லவில்லையே!

“எங்கே படிச்சே இதை?”

“பாத்திருக்கேன்” என்றாள். அவ்வளவுதான். அவள் அதிகம் பேசுகிறவள் இல்லை.

அப்படி மூன்று மாதம். நாலு வாட்ச்சில் இரண்டைக் கெடுத்தேன், இரண்டை ஓடவைத்தேன். கற்றுக்குட்டிக்கு அது நல்ல மார்க் என்று மருமகன் சொன்னான். அப்புறம்தான் அவளுடைய வாட்ச் நினைவுக்கு வந்தது.

அது அவள் அப்பாவுடைய வாட்ச். வாத்தியாராக இருந்தவர். அவர் போனபின் அவளுக்கு வந்தது. சாவி கொடுத்து ஓடுகிற பழைய வாட்ச். கல்யாணம் ஆன நாள் முதல் பார்க்கிறேன், காலையில் காபி அடுப்பில் இருக்கும்போது அதற்குச் சாவி கொடுப்பாள். ஒருநாள் தவறமாட்டாள். இரண்டாயிரமாவது வருஷம் அது நின்றுபோனது. “என்ன, கெட்டுப்போச்சா?” என்று கேட்டேன். “ஓடல” என்றாள். பிஸ்கட் டப்பாவுக்குள் போட்டு, பீரோவில் சேலைக்கு அடியில் வைத்துவிட்டாள். இருபத்தைந்து வருஷம் அப்படியே கிடந்தது.

மே மாதம் எங்கள் கல்யாண நாள். நாற்பத்தேழாவது. அவளுக்கு நான் எதுவும் பெரிதாக வாங்கிக் கொடுத்தது கிடையாது அண்ணாச்சி. இந்தத் தடவை அவள் அப்பா வாட்ச்சை ஓடவைத்துக் கையில் கொடுக்க வேண்டும், அவள் ஒரு தடவை வாய்விட்டுச் சிரிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அவள் சிரித்துப் பார்த்து ரொம்பக் காலம் ஆகிறது. அவள் குணமே அப்படி. நாகர்கோவிலில் மகள் வீட்டுக்குப் பத்து நாள் போனாள். டப்பாவை எடுத்தேன்.

எந்த வாட்ச்சையும் பிரிப்பதற்கு முன்னால் சாவி கொடுத்துப் பார்க்க வேண்டும். அது முதல் பாடம். கொடுத்தேன். ஓடியது.

ஆமாம், ஓடியது. கொஞ்சம் மெதுவாக, நாளைக்கு ஏழெட்டு நிமிஷம் பின்தங்கி. ஆனால் ஓடியது. எனக்கு ஏமாற்றமாக இருந்தது, பொய் சொல்லக்கூடாது. உடைந்த பல்லோ அறுந்த ஸ்பிரிங்கோ இருக்கும் என்று நினைத்திருந்தேன். ஒரு பழுதும் இல்லை. எண்ணெய்தான் காய்ந்திருந்தது. கெட்டுப்போனது என்று அவள் எப்படி நினைத்தாளோ? பெண்களுக்கு மிஷின் விஷயம் தெரியாது.

இருந்தாலும் எடுத்த வேலையை விடலாமா? பிரித்தேன். கழுவினேன். எண்ணெய் விட்டேன். பூட்டினேன். நாளைக்கு அரை நிமிஷம்கூடத் தவறவில்லை. வேலை அத்தோடு முடிந்திருக்க வேண்டும். அப்போதுதான் பின்மூடியின் உள்பக்கத்தைப் பார்த்தேன். கோழி கிளறியது மாதிரி கீறல். லென்ஸ் வைத்துப் பார்த்தால் எல்லாம் எண்கள். தேதிகள்.

உங்களுக்குத் தெரிந்திருக்காது. வாட்ச் ரிப்பேர்க்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒரு வாட்ச்சைத் திறந்து வேலை பார்த்தால் மூடியின் உள்பக்கத்தில் தன் அடையாளத்தையும் தேதியையும் ஊசியால் கீறி வைப்பார்கள். அடுத்து திறக்கிறவனுக்குத் தெரிய வேண்டும் இல்லையா, யார் கை பட்டது, எப்போது பட்டது என்று? வாட்ச்சின் சொந்தக்காரருக்குக்கூடத் தெரியாது. மூடியைத் திறந்தால்தானே தெரியும்!

எனக்குப் புதிது மாதிரி இருக்க வேண்டும். எதையும் சரியாகச் செய்ய வேண்டும். தேய்த்தேன். முதலில் சொரசொரப்பான தாள், பிறகு நடுத்தரம், பிறகு நைஸ், கடைசியில் பாலிஷ். மூன்று நாள்.

அந்த ‘ஆ’வைப் பார்க்கவில்லையா என்றா கேட்டீர்கள்? பார்த்தேன். ஆனால் ஆவில் பேர் உள்ளவர்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள். ஆறுமுகம் இல்லையா, ஆபிரகாம் இல்லையா? எனக்கு யார் நினைவும் வரவில்லை. தேய்க்கும்போது கை ஓர் இடத்தில் நின்றது, அது உண்மை. நின்றது, பிறகு தேய்த்தது. விரல் வலிக்காக நின்றிருக்கும்.

கல்யாண நாளுக்கு முந்தின நாள் வந்தாள். மறுநாள் காலையில் காபி கொண்டுவந்தபோது வாட்ச்சைக் கையில் கொடுத்தேன். அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். காதில் வைத்துக் கேட்டாள். உதடு லேசாக அசைந்தது. சிரிப்பு வருகிறது என்று நினைத்தேன். அவள் முள்ளைப் பார்க்கவில்லை, மணி பார்க்கவில்லை. வாட்ச்சைக் கவிழ்த்துப் பிடித்து, “இதைத் திறக்க முடியுமா?” என்றாள்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. திறந்து காட்டினேன். “பாரு, உன் முகமே தெரியும்” என்றேன்.

பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். சேலை முனையால் ஒரு தடவை துடைத்துவிட்டுப் பார்த்தாள்.

“எல்லாத்தையும் தேய்ச்சிட்டீங்களா?”

“மூணு நாள் ஆச்சு தெரியுமா!”

“சரி” என்றாள். காபி தம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

சண்டை போட்டிருந்தால் தேவலை. சமைக்கிறாள், துணி மடிக்கிறாள், மாத்திரை எடுத்துக் கொடுக்கிறாள். ஆனால் மத்தியானம் ஆனால் ஜன்னலுக்குப் பக்கத்தில் இந்த மூடியை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறாள். வாட்ச் ஒரு பக்கம் மூடியில்லாமல் கிடக்கிறது. இதை இப்படிச் சாய்த்து, அப்படிச் சாய்த்து, ஒரு கோடாவது மிச்சம் இருக்கிறதா என்று தேடுகிறாள். பதினெட்டு நாளாக. மூன்றாம் நாள் பொறுக்கமாட்டாமல் கேட்டேன். “அப்படி என்னதான் போச்சு அதுல?”

“அது ஆசீர் எழுத்து” என்றாள்.

ஆசீர் அவள் தம்பி. அதைச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைத்தேன், ஆனால் சொல்லாவிட்டால் உங்களுக்குப் புரியாது.

தாய் தகப்பன் போனபின் அவன் எங்களோடுதான் இருந்தான். வாட்ச் ரிப்பேர் கற்றுக்கொண்டான். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு கடை வாசலில் கண்ணாடிப் பெட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். சாயங்காலம் வீட்டிலும் வேலை. என் சொந்தக்காரர்கள் வந்தால் ஒற்றைக் கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு, கழுத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு திரும்பிப் பார்ப்பான். எனக்குக் கூச்சமாக இருக்கும். ‘வாட்ச்சுக்காரன் மச்சான்’ என்று ஆபீசில் கேலி செய்தார்கள். ஆனாலும் கெட்ட பையன் இல்லை. என்னை ‘அத்தான் அத்தான்’ என்றுதான் சுற்றிவருவான்.

எண்பத்தெட்டாம் வருஷம், மார்ச் மாதம். எங்கள் மேனேஜருடைய வாட்ச் நின்றுவிட்டது. விலை கூடின வெளிநாட்டு வாட்ச். நான்தான் வாங்கிவந்து அவனிடம் கொடுத்தேன். சரி பண்ணிக் கொடுத்தான். இரண்டு மாதம் கழித்து மேனேஜர் எல்லார் முன்னாலும் கூப்பிட்டுச் சொன்னார்: உள்ளே இருந்த நல்ல சக்கரத்தை எடுத்துவிட்டு மட்டச் சக்கரம் போட்டிருக்கிறான் உன் மச்சான், வேறு கடைக்காரர் பார்த்துச் சொன்னார் என்று. எனக்கு எப்படி இருந்திருக்கும்? நேராக வீட்டுக்கு வந்தேன். என் அண்ணன் குடும்பம் விருந்துக்கு வந்திருந்தது. அவர்கள் முன்னாலேயே கேட்டேன். கத்தினேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அவன் கத்தவில்லை. “அத்தான், அந்த வாட்ச்சோட பின்மூடியைத் திறந்து பாருங்க. நான் திறந்த தேதி அதுல இருக்கும். எனக்கப்புறம் எவன் திறந்தாலும் அவன் தேதியும் இருக்கும். சக்கரம் என் தேதியில மாறிச்சா, அவன் தேதியில மாறிச்சான்னு தெரிஞ்சுபோகும். ஒரு தடவை திறந்து பாருங்க அத்தான்.” இதையே திரும்பத் திரும்பச் சொன்னான். திறந்து பாருங்க, திறந்து பாருங்க.

மேனேஜர் வாட்ச்சைப் போய், மச்சான் சொன்னான் என்று நான் திறக்க முடியுமா? “இனிமே இந்த வாசல்ல மிதிக்காதே” என்றேன். செல்வக்கனி அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அன்று ராத்திரியே கிளம்பிவிட்டான். பம்பாய்க்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். அதன் பிறகு இந்த ஊர்ப்பக்கமே அவன் வரவில்லை.

அந்த மூடியா? நான் பார்க்கவில்லை. யார் சொன்னது சரி என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரியாது என்றுதான் சொல்ல வேண்டும்.

இரண்டாயிரமாவது வருஷம் பிப்ரவரியில் பம்பாயிலிருந்து ஒரு கார்டு வந்தது. கூடத் தங்கியிருந்தவர் போட்டிருந்தார். ஆசீருக்கு மஞ்சள்காமாலை, ஆசுபத்திரிக்குக் கொண்டுபோயும் பயனில்லை, போய்விட்டான் என்று. நான்தான் செல்வக்கனிக்கு வாசித்துக் காட்டினேன். அவள் அழவில்லை அண்ணாச்சி. “காபி ஆறுது, குடிங்க” என்றாள். பன்னிரண்டு வருஷம் ஆயிற்று, தம்பி முகமே மறந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். மறந்துபோவதும் ஒருவகையில் நல்லதுதான்.

அதனால்தான் சொல்கிறேன், போன எழுத்தைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டால் அவள் சரியாகிவிடுவாள். எண்கள் எனக்கு மறக்காது. எடைமேடையில் இருந்தவன், முப்பது வருஷத்துக்கு முந்தைய லாரி நம்பர் சொல்வேன். பதினைந்து தேதியும் வரிசை தப்பாமல் எழுதியிருக்கிறேன். மூடியை மிஷினில் மாட்டிவிட்டீர்களா? சரி, நான் வாசிக்கிறேன், நீங்கள் அளவு பார்த்துக்கொள்ளுங்கள்.

பதினாலு, இரண்டு, எண்பத்தொன்று. மூன்று, ஐந்து, எண்பத்துநாலு. இருபது, ஒன்று, எண்பத்தேழு. இந்த மூன்றும் என் வீட்டில் இருந்தபோது போட்டது. மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை. நல்ல வாட்ச்சுக்கு அதுதான் முறை.

அப்புறம்தான் வேடிக்கை. ஐந்து, எட்டு, எண்பத்தெட்டு. ஐந்து, எட்டு, எண்பத்தொன்பது. ஐந்து, எட்டு, தொண்ணூறு. வருஷா வருஷம்! நல்லா ஓடுகிற வாட்ச்சை வருஷா வருஷம் எவனாவது திறப்பானா? பம்பாய் போகிற யார் கையிலாவது எனக்குத் தெரியாமல் கொடுத்தனுப்பியிருக்கிறாள். அவனும் வேலை இல்லாமல் திறந்திருக்கிறான். ஐந்து, எட்டு, தொண்ணூற்றொன்று. எல்லாம் ஐந்து எட்டுதான், தொண்ணூற்றொன்பது வரை. கடைசி ஒன்று மட்டும் கோணல்மாணலாக இருந்தது. கை நடுங்கியிருக்கும்போல.

என்ன சொன்னீர்கள்?

இன்னொரு தடவை சொல்லுங்கள்.

ஆமாம். ஆகஸ்ட் ஐந்து. கடற்கரை மாதா கோவில் திருவிழா நாள்.

மிஷினை நிறுத்துங்கள் அண்ணாச்சி. கொஞ்சம் பொறுங்கள்.

நாங்கள் அந்தச் சபை இல்லை. ஆனாலும் ஊர்த் திருவிழா, யார்தான் போகமாட்டார்கள்? எனக்குக் கூட்டம் ஆகாது. அவள் மட்டும் போவாள். வருஷத்தில் அந்த ஒருநாள்தான் தனியாக எங்கேயாவது போவாள். நேர்ச்சை என்றாள். நேர்ச்சை என்றால் நான் ஏன் தடுக்கப்போகிறேன்? காலை ஒன்பது மணிக்குப் போனால் விளக்கு வைக்கும்போது வருவாள். கண் சிவந்திருக்கும். கூட்டத்துல தூசி என்பாள். வாட்ச்சைக் கையில் கட்டாமல் பைக்குள் வைத்துக்கொண்டு போவாள். “அது எதுக்கு?” என்றால், “திரும்பி வர நேரம் பாக்கணும்லா” என்பாள்.

ஒரு வருஷம் திருவிழாக் கடையில் வாங்கினேன் என்று எனக்கு ஒரு வாட்ச் வார் கொண்டுவந்தாள். அச்சாக என் மணிக்கட்டு அளவு. ஓட்டைகூடப் போட வேண்டியிருக்கவில்லை. ஆறு வருஷம் அதைக் கட்டினேன். நல்ல தோல் என்று ஆபீசில் எல்லாரிடமும் காட்டினேன்.

இரண்டாயிரமாவது வருஷம் ஆகஸ்டில், “என்ன, கோவிலுக்குப் போகலையா?” என்று நான்தான் கேட்டேன். கால்வலி என்றாள். அதன் பிறகு போகவே இல்லை.

எண்பத்தெட்டிலிருந்து தொண்ணூற்றொன்பது வரை எத்தனை? பன்னிரண்டு. சரிதான். எத்தனை தடவை எண்ணினாலும் பன்னிரண்டுதான்.

கழற்றுங்கள் அண்ணாச்சி. மூடியைக் கொடுத்துவிடுங்கள். வெட்ட வேண்டாம். வருஷா வருஷம் திருவிழாவுக்கு வந்து அவன் கீறுகிறபோது பக்கத்தில் இருந்து பார்த்தவள் அவள். உங்கள் கையையும் அவன் கையையும் அவளுக்குத் தெரியாதா? நீங்கள் நன்றாகத்தான் வெட்டுவீர்கள், அதற்குச் சொல்லவில்லை.

மணி என்ன? ஐந்தா? இதை டப்பாவில் வைக்கப்போவதில்லை. சபை வாசலுக்குப் போய் நிற்கிறேன். கூட்டம் விட்டு வரட்டும். இதையும் இந்தச் சீட்டையும் அவள் கையிலேயே கொடுக்கிறேன். என்ன சொல்லிக் கொடுப்பேன் என்று தெரியவில்லை.

ஒன்று மட்டும் எனக்குப் பிடிபடவில்லை அண்ணாச்சி. நானும் இப்போது கொஞ்சம் வேலை தெரிந்தவன், அதனால் கேட்கிறேன். கடற்கரைக் காற்று. ராட்டினம், கடை, ஜனம், தூசி. மேஜை கிடையாது, வெள்ளைத் துண்டு கிடையாது. அந்த இடத்தில் ஒருவன் எப்படி வாட்ச்சைத் திறப்பான்? ஒரு திருகாணி விழுந்தால் தேடி எடுக்க முடியுமா? அவன் கைக்குக் கீழே யாராவது துணியை விரித்துப் பிடிக்க வேண்டும்.

முந்தானையைத்தான் பிடித்திருப்பாள். எதிரில் உட்கார்ந்து, இரண்டு கையாலும், அவன் வேலை முடிகிறவரைக்கும்.